தசை பிடிப்பதும் விடுவதும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தசைகளைப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதுரையிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவை. இதயத் தசை, குடல் தசை ஆகியவற்றின் போக்கு வேறு என்பதால் அவற்றைப் பின்னொரு இதழுக்கு ஒதுக்கிவிட்டு, எலும்புகளோடு இணைந்து நம் விருப்பத்துக்கு இயங்கும் எலும்புத்தசைகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். தசை சுருங்கும்போது அதனுள் உள்ள புரத இழைகளான ஆக்டின் இழையும் சரி, மயோசின் இழையும் சரி, நீளத்தில் குறைவதில்லை என்று பாடத்தில் வருகிறது. இழை எதுவும் குறையாமல் தசை மட்டும் எப்படிக் குறையும்? கையை மடக்கினால் புஜம் புடைக்கிறதே, அது ஏன்? இதில் கால்சியத்துக்கு என்ன வேலை? தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் புரியவில்லை.
(மாணவி, மேலூர்)

பதில்: புரியவில்லை என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கேள்வியை முதலில் வைத்தேன். மனப்பாடத்தில் இந்தப் பாடம் பெயர்ப் பட்டியலாகத்தான் தங்கும்; அளவுகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

புஜத்தின் முன்பக்கத் தசை கட்டுக்கட்டான தசையிழைகளால் ஆனது. ஒவ்வொரு தசையிழையும் ஒரே ஒரு செல்தான். ஆனால் கருவில் பல செல்கள் ஒன்றோடொன்று கூடி உருவானது என்பதால் அதனுள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. நீளமோ பல சென்டிமீட்டர் வரை போகும். அந்தச் செல்லுக்குள் நெடுக்குவாட்டில் நூற்றுக்கணக்கான, ஏன், ஆயிரக்கணக்கான தசை நுண்ணிழைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் எனப்படும் சின்னஞ்சிறு அலகுகள் வரிசையாகக் கோத்து அமைந்தது. ஓய்வில் ஒரு சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ 2.5 மைக்ரோமீட்டர்; அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 400 சார்கோமியர்கள் அடங்கிவிடும்.

இனிக் கணக்குப் போடுங்கள். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசையிழையில் சார்கோமியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக 40,000 இருக்கும். ஒவ்வொன்றும் வெறும் அரை மைக்ரோமீட்டர் குறைந்தால் போதும், மொத்த இழை 2 சென்டிமீட்டர் குறைந்துவிடும். புஜத் தசையின் நாண் முழங்கை மூட்டுக்கு மிக அருகில் முன்கை எலும்போடு இணைந்திருப்பதால், அங்கே ஏற்படும் சிறு நகர்வு உள்ளங்கையில் பல மடங்கு தூரமாகத் தெரிகிறது. கண்ணுக்கே தெரியாத அரை மைக்ரோமீட்டர்தான் சோற்றுக் கவளத்தைத் தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டு வருகிறது.

அந்த அரை மைக்ரோமீட்டர் எங்கிருந்து குறைகிறது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. சார்கோமியரின் நடுவில் மயோசினால் ஆன தடித்த இழைகள் இருக்கின்றன. இரு ஓரங்களிலும் உள்ள இசட் கோடுகளிலிருந்து ஆக்டினால் ஆன மெல்லிய இழைகள் நடுப்பகுதியை நோக்கி நீண்டு, தடித்த இழைகளுக்கு இடையில் ஓரளவு நுழைந்து நிற்கின்றன. தசை சுருங்கும்போது மெல்லிய இழைகள் இன்னும் ஆழமாக உள்ளே நழுவுகின்றன; அவற்றோடு இசட் கோடுகளும் நெருங்கி வருகின்றன. இழைகளின் நீளம் அப்படியே இருக்க, அவை ஒன்றன்மேல் ஒன்று கவியும் பகுதி மட்டும் கூடுகிறது.

இதை உறுதிப்படுத்திய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் 1954-ஆம் ஆண்டு மே மாதம், நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, தவளையின் உயிருள்ள தசையிழையை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரோல்ஃப் நீடர்கெர்க்கே இருவருடையது. மற்றொன்று, முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணிழைகளை ஆராய்ந்த ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இருவருடையது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் கிடையாது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு வகை நுண்ணோக்கிகளைக் கொண்டு, ஒரே முடிவுக்கு வந்தார்கள். தசை சுருங்கும்போது மயோசின் இருக்கும் கருமைப் பட்டையின் அகலம் மாறவில்லை, அதற்கு வெளியே உள்ள வெளிர்ப் பட்டை மட்டும் குறுகியது என்பதே அவர்கள் கண்டது. இழைகளே சுருண்டு மடங்கியிருந்தால் கருமைப் பட்டையும் குறுகியிருக்க வேண்டும் அல்லவா?

நழுவ வைப்பது யார் என்றால், மயோசின் மூலக்கூறுகளின் தலைகள். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். ஒரு தலை அருகிலுள்ள ஆக்டினைப் பற்றுகிறது, வளைகிறது, ஆக்டினைச் சுமார் 5 முதல் 10 நானோமீட்டர் வரை நடுப்பகுதியை நோக்கி இழுக்கிறது, பிறகு பிடியை விடுகிறது, நிமிர்ந்து சற்றுத் தள்ளி மறுபடி பற்றுகிறது. கிணற்றடியில் வாளிக் கயிற்றை இழுப்பவரைப் பாருங்கள்: அவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார், கயிற்றின் நீளமும் குறையவில்லை, கயிறு அவரை நோக்கி வருகிறது, ஒரு கை விடும் நேரத்தில் மறு கை பிடித்திருக்காவிட்டால் வாளி கிணற்றுக்குள் போய்விடும். மயோசின் தலைகளும் அப்படியே, எல்லாம் ஒரே சமயத்தில் விடுவதில்லை. சில விடும்போது வேறு சில பிடித்திருக்கின்றன.

இங்கே பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு, அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு இழுப்பதற்குச் செலவாகிறது என்றுதான் நினைப்போம். உண்மையில், ஆக்டினைப் பற்றி இழுத்து முடித்த மயோசின் தலை, புதிய ஏடிபி மூலக்கூறு ஒன்று வந்து தன்னோடு இணையும்வரை அந்தப் பிடியை விடாது. ஏடிபி இணைந்ததும் பிடி தளர்கிறது. அதன்பின் அந்த ஏடிபி உடைந்து வெளிப்படும் ஆற்றலில் தலை நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. ஆக்டினை மறுபடி பற்றியதும், உடைந்த துண்டுகளில் ஒன்றான பாஸ்பேட் விலக, இழுப்பு நிகழ்கிறது. ஆக, பிடிப்பதற்கு உடனடிச் செலவு ஏதுமில்லை. விடுவதற்கு ஏடிபி வந்தே ஆக வேண்டும். இந்தப் பகுதியில் பின்னால் வரும் கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியத்துக்கு வருவோம். ஓய்வில், ஆக்டின் இழையின்மேல் ட்ரோபோமயோசின் என்ற நீண்ட புரதம் படிந்து, மயோசின் பற்றக்கூடிய இடங்களை மறைத்துக்கொண்டிருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் ஆணை, இயக்க நரம்பின் நுனியை அடைந்ததும் அங்கே அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகித் தசையிழையின் சவ்வில் மின்மாற்றத்தை உண்டாக்குகிறது. சவ்விலிருந்து செல்லின் உட்புறம் வரை செல்லும் மெல்லிய குழாய்களின் வழியாக அந்த மின்மாற்றம் ஆழத்துக்குப் பாய்கிறது. இல்லாவிட்டால் செல்லின் நடுவிலுள்ள நுண்ணிழைகளுக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகிவிடும். குழாய்களை ஒட்டி அமைந்த சார்கோபிளாச வலைக்குள் கால்சியம் அயனிகள் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மின்மாற்றம் வந்ததும் அதன் வாயில்கள் திறந்து, சில மில்லி நொடிகளில் செல்லினுள் கால்சியத்தின் அளவு பல பத்து மடங்கு உயர்கிறது. கால்சியம் போய் ட்ரோபோனின் என்ற புரதத்தோடு இணைய, ட்ரோபோனின் ட்ரோபோமயோசினை நகர்த்த, மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட்டு மயோசின் பற்றத் தொடங்குகிறது. ட்ரோபோனினைக் கண்டறிந்து இந்தத் தொடர்பை 1960-களில் நிறுவியவர் ஜப்பானைச் சேர்ந்த செட்சுரோ எபாஷி. ஆணை நின்றதும் கால்சியம் மறுபடி வலைக்குள் ஏற்றப்பட்டாக வேண்டும். அப்படி ஏற்றும் பம்புகளும் ஏடிபியைச் செலவழித்தே இயங்குகின்றன. தசை தளர்வதும் உடலுக்குச் செலவுதான்.

புஜம் புடைப்பதற்குக் காரணம் எளிது: தசையின் கனஅளவு மாறாததால், நீளத்தில் குறைந்தது குறுக்களவில் கூடுகிறது. நரம்பிலிருந்து ஏதோ ஒரு பொருள் பாய்ந்து தசையை உப்ப வைக்கிறது என்று பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தார்கள். 1660-களில் டச்சுக்காரரான யான் ஸ்வாமர்டாம், தவளைத் தசையை நீர்த்துளியோடு கூடிய கண்ணாடிக் குழாய்க்குள் வைத்துச் சுருங்கச் செய்து, துளி மேலேறவில்லை என்று காட்டினார். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களைக்கொண்டே செய்யத்தக்க சோதனை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடப்புத்தகத்தில் அது ஏன் இடம்பெறவில்லையோ!

கேள்வி: என் தந்தை கீழமாசி வீதியில் சுமை தூக்குகிறார். விசை கொடுத்தாலும் பொருள் நகராவிட்டால் செய்த வேலை சுழி என்று கல்லூரியில் இயற்பியல் படிக்கும் நான் வீட்டில் சொன்னபோது, "மூட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வண்டி வரும்வரை நின்று பார், அப்புறம் பேசு" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது?
(வாசகர், மதுரை)

பதில்: இயற்பியலும் பிழையில்லை, உங்கள் தந்தையும் பிழையில்லை. மூட்டையின்மேல் செய்யப்பட்ட வேலை சுழிதான். ஆனால் தசைக்குள் ஒவ்வொரு மயோசின் தலையும் பற்றி, இழுத்து, ஏடிபி வந்ததும் விட்டு, மறுபடி பற்றிக்கொண்டே இருக்கிறது. மூட்டையின் எடையால் ஆக்டின் இழை முன்னேற முடியாமல் நிற்கிறது என்பதால் தலைகள் ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஏடிபி செலவாகி, அதன் ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. இதோடு கால்சியத்தைத் திரும்ப ஏற்றும் பம்புகளின் செலவும் சேர்கிறது. அவர் நெற்றியில் வழியும் வியர்வை இந்த வெப்பத்தின் கணக்கு.

தசையில் இருப்பாக உள்ள ஏடிபி கடும் உழைப்பில் ஓரிரு நொடிகளுக்குத்தான் காணும். அதன்பின் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு ஏறத்தாழ 10 நொடிகளுக்கு ஏடிபியை ஈடுகட்டுகிறது. பிறகு கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையின் சிதைவும், ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனைக்கொண்டு மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் ஆற்றல் உலைகளில் நடக்கும் எரிப்பும் கைகொடுக்க வேண்டும். அசையாமல் ஏந்தி நிற்பதில் உள்ள சங்கடம் இங்கேதான்: இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களையே நெரித்துவிடுவதால், தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது. நடக்கும்போது தசை இறுகியும் தளர்ந்தும் மாறி மாறி இயங்குவதால் ரத்தம் புகுந்துவர வழி கிடைக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரின் பல்லக்கைச் சுமந்து வரும் சீர்பாதம் தாங்கிகள் நடையின் தாளத்தைக் குலைக்காமல் வருவதும், தோள் மாற்றிக்கொள்வதும் உடலறிந்த முறைகள்.

சும்மாடு வைத்து மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது என்பதையும் உங்கள் தந்தை சொல்லியிருப்பார். கழுத்தும் முதுகும் நேராக இருக்கும்வரை எடையின் பெரும்பகுதியை எலும்புகள் தாங்கிக்கொள்கின்றன. எலும்புக்கு ஏடிபி செலவில்லை, தசைகள் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். (கழுத்தெலும்புத் தட்டுகளின் தேய்மானம் தனிக் கதை.) மட்டி, ஆளி போன்ற சிப்பி இனங்களுக்கு, ஓட்டை மூடிய நிலையில் மிகக் குறைந்த செலவில் மணிக்கணக்காகப் பிடித்து வைக்கும் தனிவகைத் தசை உண்டு. நம் எலும்புத்தசைகளுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கறிக்கடைக்குப் போனால், தொங்கவிட்ட தொடைக்கறியில் சில இடங்கள் தானாகத் துடிப்பதைப் பார்க்கிறேன். ஆடு இறந்தபின் கறி எப்படித் துடிக்கும்? அதே கறியை மதியத்துக்கு எடுத்து வைத்தால் விறைத்துப்போகிறது. இறந்த மனிதரின் உடல் விறைப்பதும் இதுதானா என்று கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது.
(வாசகி, திருமங்கலம்)

பதில்: தயங்கவே வேண்டாம், மூன்றும் ஒரே கேள்விதான்.

ஆடு இறந்தது என்றால் இதயமும் மூச்சும் மூளையும் நின்றுவிட்டன என்று பொருள். தசைச் செல்கள் அதே நொடியில் இறப்பதில்லை. அவற்றில் ஏடிபி மிச்சம் இருக்கிறது, கிளைக்கோஜன் இருக்கிறது, சவ்வு இன்னும் மின்மாற்றத்துக்கு இணங்கும் நிலையில் இருக்கிறது. கத்தி பட்ட இடத்திலும், காற்றுப்பட்டுக் காயும் மேற்பரப்பிலும் சவ்வு சீண்டப்பட்டு ஆங்காங்கே சில இழைகள் சுருங்கித் தளர்கின்றன. நீங்கள் கண்ட துடிப்பு அதுதான். தோலுரித்த தொடையின் பளபளப்பான பரப்பில், ஓர் அங்குல அகலத்துக்குத் தோன்றி மறையும் சிறு நெளிவு. அப்போதுதான் வெட்டிய தசையின்மேல் உப்புத் தூவினாலும் இப்படி நடக்கும். இத்தாலியரான கால்வானி, இறந்த தவளையின் கால்கள் உலோகம் தொட்டதும் உதறுவதைக் கண்டு 1791-இல் எழுதிய கட்டுரைதான் உயிர்களின் மின்சாரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கம்.

நேரமாக ஆக, ரத்தம் வராத தசையில் ஏடிபி தீர்ந்துபோகிறது. கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும் பம்புகள் நின்று, கால்சியம் வெளியே கசிகிறது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றுகின்றன. விடுவிக்க ஏடிபி இல்லை. முதல் பதிலில் நான் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். பற்றிய பிடி பற்றியபடியே நின்றுவிடுவதுதான் விறைப்பு. மனித உடலில் இறந்த சில மணி நேரத்தில் இமை, தாடை போன்ற சிறு தசைகளில் அது வெளிப்படத் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் பரவுகிறது. வெயில் காலத்தில் இது விரைவாக நடக்கும். உயிர் பிரிந்தவுடன் வீட்டுப் பெரியவர்கள் கண்களை மூடி, தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறைத்தபின் அவற்றைச் செய்ய இயலாது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை.

ஓரிரு நாளில் விறைப்பு நீங்குவது, ஏடிபி திரும்பி வந்ததால் அன்று. தசையிலேயே உள்ள புரதம் சிதைக்கும் நொதிகள் இசட் கோடுகளை அரித்து இழைகளைத் தளர்த்திவிடுவதால். குளிர்ந்த நாடுகளில் இறைச்சியைக் குளிர் அறைகளில் பல நாள் தொங்கவிட்டு விற்பது இதற்காகத்தான். நம் ஊரில் காலையில் அறுத்ததை மதியத்துக்குள் சமைத்துவிடுகிறோம் என்பதால், விறைப்புக்கு நடுவில் அகப்பட்ட கறியைக் குக்கர் விசிலும், சிலர் போடும் பப்பாளிக்காய்த் துண்டும்தான் மிருதுவாக்குகின்றன. பப்பாளிக்காய்ப் பாலில் உள்ள பப்பைன் நொதி, மேலே சொன்ன நொதிகளின் வேலையையே அடுப்படியில் செய்கிறது. முற்றிய ஆட்டின் கறி வேகாமல் இருப்பதற்குக் காரணம் மட்டும் வேறு: அங்கே கடினமாகியிருப்பது தசையிழை இல்லை, அதைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை. அதற்கு நேரம் கொடுத்து வேக வைப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறி இறங்கினேன். ஏறும்போது மூச்சு வாங்கியது, இறங்கும்போது சிரமமே தெரியவில்லை. மறுநாள் காலையில் பேருந்துப் படியில் கால் வைக்க முடியாத அளவுக்குத் தொடை வலி. அதற்கும் அடுத்த நாள் இன்னும் கூடியது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்கிறார்கள். சரியா?
(வாசகர், டி.கல்லுப்பட்டி)

பதில்: சரியில்லை, ஆனாலும் இந்தக் கருத்து உடற்பயிற்சிக் கூடங்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கடும் உழைப்பில் உண்டாகும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஓரிரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. இதயமும் பிற தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. தாணிப்பாறை அடிவாரத்தில் நீங்கள் பேருந்து ஏறி வீடு வந்து சேர்வதற்குள் அது போயிருக்கும். மூன்றாம் நாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

குற்றவாளி, சிரமமே தெரியவில்லை என்று நீங்கள் நம்பிய இறக்கம்தான். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடிய, தொடையின் முன்பக்கத் தசை உடல் எடையைத் தடுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றியிருக்கும்போதே இழைகள் எதிர்த்திசையில் இழுக்கப்படுகின்றன. இந்த நிலையில் தசை, சுருங்கும்போது தருவதைவிடக் கூடுதலான விசையைத் தாங்கும், செலவும் குறைவு. அதனால்தான் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் வரிசையிலுள்ள எல்லாச் சார்கோமியர்களும் சம பலம் உடையவை அல்ல. பலம் குறைந்தவை அளவுக்கு மீறி நீண்டு இழைகளின் ஒழுங்கு குலைகிறது, இசட் கோடுகள் நெளிந்துபோகின்றன. அதைச் சீர்செய்ய உடல் தொடங்கும் அழற்சியே வலியாக வெளிப்படுகிறது. 24 மணி நேரத்துக்குப் பிறகு கூடி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

அடுத்த அமாவாசைக்கும் போனீர்களானால் இவ்வளவு வலிக்காது; ஒரு முறை சீரடைந்த தசை, அதே வகைச் சுமையை அடுத்த சில வாரங்களுக்கு நன்றாகத் தாங்குகிறது. மெதுவாக நடந்துகொடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சிறுநீர் மட்டும் கருங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் இருக்க வேண்டாம். சிதைந்த தசையின் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது என்பதன் அறிகுறி அது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கினோம். ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிய பையன்கள் திணற, ஒல்லியான ஓர் அண்ணன் தோள் வரை ஏற்றிப் பின்னால் போட்டார். சதை பெருத்தால் பலம் கூடும் என்பது பொய்யா?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: பொய்யில்லை, பாதி உண்மை. தசையிழைகளின் எண்ணிக்கை பயிற்சியால் பெரிதாகக் கூடுவதில்லை; ஒவ்வோர் இழைக்குள்ளும் நுண்ணிழைகள் பக்கவாட்டில் பெருகி, பற்றி இழுக்கும் மயோசின் தலைகளின் எண்ணிக்கை கூடுகிறது. ஆகவே குறுக்குப் பரப்பு கூடினால் விசை கூடும்.

மறுபாதி நரம்பின் வசம் உள்ளது. ஓர் இயக்க நரம்புச் செல்லும் அதன் கட்டளைக்கு உட்பட்ட இழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்துப் பன்னிரண்டு இழைகள் இருக்கலாம். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு செயலுக்கு முதலில் சிறிய அலகுகளும், தேவை கூடக் கூடப் பெரிய அலகுகளும் அழைக்கப்படுகின்றன. பழக்கமில்லாதவரால் ஒரே நேரத்தில் எல்லாப் பெரிய அலகுகளையும் அழைக்க முடிவதில்லை. மேலும், எதிர்த்திசையில் இழுக்கும் தசைகளையும் தம்மை அறியாமலே இறுக்கிக்கொண்டு பலத்தை வீணாக்குகிறார். புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில், சதை பெருக்கும் முன்பே பலம் கூடுவது இந்த நரம்புத் திறன் கூடுவதால்தான்.

ஜிம்மில் பிடிப்பதற்கு வாகாகக் கம்பி இருக்கிறது. இளவட்டக்கல்லோ வழவழப்பான உருண்டை. குத்தவைத்து அணைத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சில் சாய்த்து, கல்லை உடலோடு ஒட்டியபடி உருட்டி மேலேற்றும் நுணுக்கம் தெரிந்தவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தசை எப்போது இறுக வேண்டும், எது விட வேண்டும் என்பது கைவந்திருக்கும். அந்த அண்ணன் வயலில் மூட்டை தூக்கிப் பழகியவராக இருந்தால் வியப்பில்லை.

கேள்வி: எனக்கு வயது 68. நள்ளிரவில் கெண்டைக்கால் சதை திடீரெனப் பிடித்துக்கொண்டு உயிர் போகிறது. என்ன செய்யலாம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், வாடிப்பட்டி)

பதில்: பிடித்த உடன் முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள், எழுந்து நின்று குதிகாலை அழுத்தமாகத் தரையில் ஊன்றினாலும் சரி. இந்தப் பிடிப்பில் ஏடிபி தீர்ந்துபோகவில்லை. தசைக்கு வரும் இயக்க நரம்பு ஓயாமல் ஆணை அனுப்பிக்கொண்டிருப்பதே சிக்கல். தசையை நீட்டும்போது நாணில் உள்ள உணர்விகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பி அந்த ஆணையை அடக்குகின்றன. வயதானவர்களில் பலருக்குத் தனிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. சிறுநீர் போக்கும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். படுக்கப் போகுமுன் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைச் செய்து பாருங்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தரையில் படுத்திருந்த ஒருவரை இரவில் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. விடியும்போது கண் இமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது, பிறகு கை கால் அசையவில்லை. இறந்துவிட்டார் என்றே நினைத்தோம். செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். நாங்கள் அழுததெல்லாம் காதில் விழுந்தது என்கிறார். விஷம் தசையை என்ன செய்தது?
(விவசாயி, பேரையூர்)

பதில்: தசையை ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் பிழைத்தார். அவருடைய தசையிழைகளில் ஆக்டின், மயோசின், கால்சியம், ஏடிபி எல்லாம் குறையின்றி இருந்தன; ஆணைதான் வரவில்லை. நரம்பின் நுனிக்கும் தசைச் சவ்வுக்கும் நடுவில் உள்ள மிக நுண்ணிய இடைவெளியை அசிட்டைல்கோலின் கடந்தாக வேண்டும் என்று முதல் பதிலில் எழுதினேன் அல்லவா, விஷம் தாக்குவது அந்த இடத்தை. நாகத்தின் விஷம், தசைச் சவ்வில் அசிட்டைல்கோலின் வந்து சேர வேண்டிய ஏற்பிகளில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. கட்டுவிரியனின் விஷத்தில் அதோடு, நரம்பின் நுனியையே சேதப்படுத்தி அசிட்டைல்கோலின் வெளிவராமல் செய்யும் நச்சும் இருக்கிறது. முதலில் இமையைத் தூக்கும் தசை சோர்கிறது, பிறகு விழுங்கும் தசை, கடைசியில் உதரவிதானம் நின்று மூச்சு அடங்குகிறது. மூளைக்கு நேரடிப் பாதிப்பு இல்லை என்பதால் கேட்கவும் உணரவும் முடியும். அவர் சொன்னதை நம்புங்கள்.

நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. ரத்தத்தில் சுற்றும் விஷத்தை அது முறிக்கும்; ஆனால் கட்டுவிரியன் சேதப்படுத்திவிட்ட நரம்பு நுனியை உடனே சரிசெய்ய அதனால் இயலாது. நுனிகள் மறுபடி வளர்ந்து தசையோடு தொடர்பு கொள்ள நாள்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமல், பல் தடம்கூடச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். தரையில் படுத்து எழுந்தவர் காலையில் வயிற்றுவலி என்றோ, இமை கனக்கிறது என்றோ சொன்னால், கடிபட்ட தடம் தேடிக்கொண்டிருக்காமல், கட்டுப் போடாமல், கீறாமல், முறிமருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோங்கள். வழியில் மூச்சு நின்றுவிட்டால், வண்டியிலேயே வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டு போகலாம்.